போலாம், ரைட்

முதல் நாள், 07:10. தென்தளத்திலிருந்து புறப்பாடு

வண்டி: நண்டு-4. ஓட்டுவது நான், நாச்சியார். கூட வருவது பெனடிக்ட், கருவிப் பராமரிப்பு. வேலை: நிலாவின் கிழக்குப் பள்ளத்து விளிம்பில் நிற்கும் அதிர்வுமானிக்கு மின்கலம் மாற்றுவது. ஆறு சக்கரமும் சரி. காற்று, தண்ணீர், சாப்பாடு சரி. உதிரிக் காற்றுக் குடுவைகள் என் இருக்கைக்கு அடியில்.

இதை நண்டு-3இன் பழைய சரிபார்ப்பு அட்டைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். விதிப்படி வண்டியின் திரையில்தான் எழுத வேண்டும். எழுதமாட்டேன். கையுறை விரலால் "மண்" என்று தட்டினால் அது "மணமகன்" என்று போட்டுக்கொள்கிறது.

அட்டைகளை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் முதலில் இந்த வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். நண்டு-3இல் ஸ்டீயரிங் தண்டின் இடப்பக்கம் ஒரு லீவர், அது விளக்குக்கு. வலப்பக்கம் ஒரு லீவர், அது முன்கண்ணாடித் தூசியைத் துடைக்கும் பிரஷ்ஷுக்கு. தண்டுக்கு அடியில் சிவப்புக் கைப்பிடி, இழுத்தால் கதவு திறக்கும். காலடியில் பிரேக். நண்டு-4இல் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மொட்டைத் தண்டில் ஒரு சக்கரம், அதற்குப் பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கண்ணாடித் திரை. போவதும் நிற்பதும் விளக்கும் கதவும் வெப்பமும் ரேடியோவும் எல்லாம் அதற்குள். பார்க்க அழகுதான். கல்யாண மண்டபத்து மேடைகூட அழகாக இருக்கும், அதை யாரும் ஓட்டிக்கொண்டு போவதில்லை.

கிளம்பும்போதே தகராறு. கதவு ஒரு நூல் சரியாகப் பதியவில்லை. வண்டி அசைய மறுத்தது. "கதவு திறந்திருக்கிறது. புறப்பட வேண்டுமா? உறுதிப்படுத்தத் திரையைத் தொடவும்" என்று ஒரு தேன் குரல். தொட்டேன். கேட்கவில்லை. மறுபடியும் தொட்டேன். கடைசியில் பெனடிக்ட் எழுந்து போய்க் கதவை ஓங்கிச் சாத்தினான். அதன் பிறகுதான் கிளம்பியது.

முதல் நாள், 15:40. கல்மேடு

கையுறை போட்டால் திரை சரியாகக் கேட்காது என்பது செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி லீவர் வைப்பது அல்ல. குரல் கட்டளை. வண்டிக்குள் பேசுவதையும் வெளியே நிற்பவரின் ரேடியோவையும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். தமிழ் தெரியும், தமிழில் கலக்கும் ஆங்கிலமும் தெரியும் என்று பெருமை வேறு. அதை அணைக்கும் பொத்தான் திரையின் ஐந்தாம் பக்கத்தில் இருப்பதாகக் கையேடு சொல்கிறது. திரையில் நான்கு பக்கங்கள்தான் இருக்கின்றன.

இன்று கல்மேட்டைக் கடக்க பெனடிக்ட் இறங்கி முன்னால் நின்று வழி காட்டினான். தூத்துக்குடிக்காரன். அவன் அப்பா தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே மினி பஸ் ஓட்டியவர். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க இவன் அந்தப் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவியவன். நம் ஊரில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், கண்டக்டர் "ரைட்" என்றால் வண்டி கிளம்பலாம் என்று பொருள். இவனுக்கு அது ரத்தத்தில் ஊறியது. நான் சாப்பிட்டு முடித்தாலும் "ரைட்" என்பான், ஆணியை முடுக்கினாலும் "ரைட்" என்பான்.

கல்லைத் தாண்டியதும் ரேடியோவில் சொன்னான்:

"போலாம், ரைட்."

வண்டி பட்டென்று வலப்பக்கம் திரும்பியது. சமதளம், மெதுவான வேகம், ஒரு கல்லில் உரசியதோடு நின்றது. நான் கழுதை என்று தொடங்கி இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். தேன் குரல் உடனே "கண்ணியமான சொற்களைப் பயன்படுத்தவும்" என்றது. பெனடிக்ட் வெளியே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தளத்துக்குப் புகார் அனுப்பினேன். எங்கள் ஊரில் ரைட் என்றால் வலது அல்ல, கிளம்பு என்று பொருள்; பழக்கத்தில் வாயில் வந்துவிடும் சொல் இது; ஆகவே வண்டியைத் திருப்பும் வேலையைக் குரலிடம் கொடுக்காதீர்கள், தண்டில் லீவர்களைத் திரும்ப வையுங்கள் என்று தெளிவாகவே சொன்னேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரகோத்தமன் பதில்:

"நாச்சியார், கம்பெனில பேசிட்டேன். ரைட்னா வலதுன்னுதான் செட் பண்ணியிருக்காங்களாம். இது டிரைவருக்கு ட்ரெய்னிங் பத்தாததுன்னு சொல்றாங்க. இருந்தாலும் உங்க கம்ப்ளெய்ன்ட்ட அப்படியே அனுப்பியிருக்கேன். பாப்போம்."

இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். எனக்குப் பயிற்சி பத்தாதாம்.

இனி அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று பெனடிக்ட் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

இரண்டாம் நாள், 08:20. பள்ளத்துக்குப் போகும் வழி

தூசி. முன்கண்ணாடியில் மாவு பூசியது போல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரஷ்ஷை ஓட்ட நான் வண்டியை நிறுத்த வேண்டும், திரையில் மூன்றாம் பக்கம் போக வேண்டும், "வசதிகள்" என்பதைத் தொட வேண்டும், அதற்குள் "தெளிவு" என்பதைத் தொட வேண்டும். கண்ணாடி மறைக்கும்போது கண்ணாடியைத் துடைக்க, நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுத்துத் திரையைப் பார்க்க வேண்டும். இதை யோசித்தவர் தன் வாழ்நாளில் மழையில் ஒரு ஸ்கூட்டர்கூட ஓட்டியிருக்க மாட்டார்.

கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் தெளிவாகவே எழுதுகிறேன். ஓட்டுகிறவளுக்குக் கண் சாலைக்கு, கை வண்டிக்கு. கண்ணைக் கடன் கேட்கும் எந்தப் பொத்தானும் திருட்டுப் பொத்தான். விளக்கு லீவர் என் கைக்கு விளக்கு லீவர் என்று தெரிய வேண்டும், பிரஷ் லீவர் வேறு மாதிரி இருக்க வேண்டும், இரண்டும் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்க வேண்டும். தள்ளினால் "டக்" என்று விரலுக்குப் பதில் வர வேண்டும். உயிர் போகிற அவசரத்தில் பிடிக்கும் கைப்பிடி, பாட்டுக் கேட்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. அதைப் பிடித்தால் "உறுதிதானா" என்று கேட்கவும் கூடாது. உறுதி இல்லாமலா பிடிக்கிறேன்? சமையல்கட்டில் உப்பு டப்பாவையும் சீனி டப்பாவையும் தினம் இடம் மாற்றி வைத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று இவர்களுக்குத் தெரியும். வண்டிக்கு மட்டும் அந்தப் புத்தி வேலை செய்யாது.

பெனடிக்ட் நேற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் "ரை" என்று ஆரம்பித்து விழுங்கிக்கொள்கிறான். விக்கல் வந்தவன் மாதிரி இருக்கிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது.

இரண்டாம் நாள், 13:25. பள்ளத்து விளிம்பு

விபத்து.

விளிம்பில் பாதை குறுகியது. பெனடிக்ட் இறங்கி முன்னால் நடந்தான். மண்வெட்டியை முதுகில் மாட்டியிருந்தான். "வரலாம், வரலாம்" என்று கூட்டிக்கொண்டே போய் "ஹோல்டான்" என்றான். நின்றேன். குனிந்து சக்கரங்களைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. நிமிர்ந்தான். சரியாக இருந்ததுதான் வினை. நிம்மதியில் வாய் பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது.

"ரைட்."

வலப்பக்கம் பள்ளம். நின்ற வண்டி தானாக நகர்ந்து, வலப்பக்கம் திரும்பி விளிம்பைத் தாண்டியது. நான் சக்கரத்தை இழுத்தேன், குரல் பிடித்துக்கொண்டிருந்தது, என் கைக்கு விடவில்லை. காலால் தரையை மிதித்தேன், அங்கே பிரேக் இருந்த ஞாபகத்தில். "நிறுத்து" என்று கத்தினேன். தேன் குரல் கேட்டது:

"எதை நிறுத்த வேண்டும்? வண்டியையா, காற்றுச் சுழற்சியையா?"

இதற்குள் நானும் வண்டியும் சரிந்து முடித்திருந்தோம். சரிவின் பாதியில் ஒரு மண்மேட்டில் மூக்கு புதைந்து நிற்கிறோம். வண்டி முழுக்க நிழலில். வண்டியின் ஒரே கதவு மூக்கில்தான், முன்சக்கரங்களுக்கு நடுவே. அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. எதிரே மண். பெனடிக்ட் சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்துவிட்டான்:

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. வாய் தவறிட்டு. மன்னிச்சிருங்க. கதவு மண்ணுக்குள்ள பொதைஞ்சு கெடக்கு."

அவன் உடையில் காற்று மூன்று மணி நேரத்துக்கு வரும். வரும் வழியில் முதுகுப்பெட்டி பாறையில் இடித்ததால் அதுவும் சீராக வரவில்லை. தளத்தில் பழைய நண்டு-3ஐக் கிளப்பி அனுப்புகிறார்கள், அது வர நாளைக் காலை ஆகும். அவனுக்கு வேண்டிய காற்று என் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

இரண்டாம் நாள், 14:10

மூக்கின் வெப்பமூட்டி அடிபட்டு நின்றுவிட்டது. திரை மூக்கை ஒட்டியது. குளிரில் எழுத்துகள் கரைந்து, படம் மெழுகு போல் உறைந்து, இப்போது முழுக்கக் கறுப்பு. குரல் மட்டும் உயிரோடு இருக்கிறது. அது வேறு பெட்டியாம்.

"கதவைத் திற" என்றேன். "பாதுகாப்புக்காக, உறுதிப்படுத்தத் திரையைத் தொடவும்." மோட்டாரை அணை என்றேன். "உறுதிப்படுத்தத் திரையைத் தொடவும்." குரலை அணை என்றேன். அதே பதில். செத்த திரையைத் தொட்டுத் தொட்டு என் விரல் மரத்துப்போனது. ஒன்று கவனியுங்கள். திறக்கவும் அணைக்கவும் அனுமதி வேண்டும். கதவு சாத்தியிருந்தால் ஓடவும் திரும்பவும் எந்த அனுமதியும் வேண்டாம்.

மூக்குக்கு எதிரே பெனடிக்ட் மண்ணைத் தோண்டுகிறான். முன்சக்கரங்களுக்கு நடுவே நிற்கிறான்.

இரண்டாம் நாள், 14:50

கிடைத்துவிட்டது.

ஸ்டீயரிங் தண்டின் பிளாஸ்டிக் மூடியைப் பெயர்த்தேன். உள்ளே நண்டு-3இன் அதே வார்ப்பு. புதுத் தண்டு செய்யச் செலவு என்று பழையதற்கே சட்டை மாட்டியிருக்கிறார்கள். இரண்டு லீவருக்கும் துளை அப்படியே இருக்கிறது, கம்பிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அடியில் கதவுக் கேபிள். சிவப்புக் கைப்பிடியை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, கேபிளை விரல் நீளத்துக்கு விட்டிருக்கிறார்கள். குறட்டால் பிடித்து இழுத்தால் பூட்டு விடும். அழகைக் கெடுக்கிறது என்றுதானே கழற்றினீர்கள்? அந்தக் கைப்பிடியில் ஒரு கை இருந்திருக்கும், அந்தக் கையில் ஓர் உயிர் இருந்திருக்கும்.

இப்போதே இழுக்க முடியாது. மண் கதவை அழுத்திக்கொண்டிருக்கிறது. பூட்டு விட்டால் கதவு திறக்காது, வண்டிக்குள் இருக்கும் காற்று மட்டும் போய்விடும். மற்ற நேரத்தில் கதவு திறக்கும் முன் காற்றை உறிஞ்சி வைத்துத் திரும்ப நிரப்புவது திரையின் வேலை; அது செத்துவிட்டதால், போன காற்றைத் திரும்ப நிரப்ப வழியில்லை. பிறகு காலை வரை இரண்டு பேரும் குடுவைகளை நம்பித்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் தோண்டட்டும். முடிந்ததும் மண்வெட்டியால் கதவில் மூன்று தட்டு தட்டச் சொன்னேன். வாயால் எதுவும் சொல்ல வேண்டாம் என்றேன்.

"சரிக்கா. வாயத் தெறக்க மாட்டேன்."

இரண்டாம் நாள், 15:35

ரகோத்தமன்:

"நாச்சியார், ஒரு நல்ல செய்தி. உங்க கம்ப்ளெய்ன்ட்ட கம்பெனி ஏத்துக்கிட்டாங்க. இப்பவே புது வெர்ஷன் அனுப்புறாங்க. ஒரு பத்து நிமிஷம் ரேடியோ கட் ஆகும், பயப்படாதீங்க."

வேண்டாம் என்றேன். நிறுத்துங்கள் என்றேன். வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கிறான், எதையும் மாற்றாதீர்கள் என்று கத்தினேன். பாதியிலேயே ரேடியோ போய்விட்டது.

இரண்டாம் நாள், 15:50

தேன் குரல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"புதுப்பித்தல் நிறைவடைந்தது. உங்கள் கருத்தை மதித்து, ‘ரைட்’ என்ற சொல்லுக்கு இனி ‘புறப்படு’ என்று பொருள். புதிய வசதிகளை அறிய, திரையில் ‘அடுத்து’ என்பதைத் தொடவும். அதுவரை ரேடியோவில் பேசும் வசதி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது."

என் கருத்தை மதித்தார்களாம். நான் லீவர் கேட்டேன். இவர்கள் அகராதியை மாற்றியிருக்கிறார்கள்.

திரை செத்துக் கிடக்கிறது. "அடுத்து" எங்கே இருக்கிறது? பெனடிக்ட் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவனுக்குக் கேட்காது. உடையின் ரேடியோவும் இந்த வண்டி வழியாகத்தான் போகும். அவன் சக்கரங்களுக்கு எதிரே இருக்கிறான். இன்னும் ஒரு முறை அவன் அந்தச் சொல்லைச் சொன்னால் வண்டி அவன்மேல் ஏறும்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். நல்ல பையன். சொன்னால் கேட்பான்.

இரண்டாம் நாள், 16:05

பேச ஆரம்பித்துவிட்டான்.

காற்று சரியாகப் போகவில்லை போலிருக்கிறது. குரல் குழறுகிறது. முதலில் அம்மாவைக் கூப்பிட்டான். பிறகு யாரிடமோ சில்லறை கேட்டான். இப்போது சிரிக்கிறான்.

"முள்ளக்காடு எறங்கு. முள்ளக்காடு. உள்ள போங்க, படியில நிக்காதீங்க."

அவன் அப்பாவின் பஸ்ஸில் இருக்கிறான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளை இறக்கிவிட்டு என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். முள்ளக்காட்டில் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மண்வெட்டியை ஓங்கினான், அதில் மறந்துவிட்டான்.

கதவை உள்ளேயிருந்து அடித்தேன். அதிர்வு அவன் கைக்குப் போயிருக்கிறது. பதில் வந்தது:

"பொறுங்கக்கா. கொஞ்சந்தான் கெடக்கு."

திரையைக் குறட்டால் அடித்தேன். அடித்த இடத்தில் கீறல்கூட விழவில்லை. இந்த வண்டியில் இதை மட்டும் உடையாத மாதிரி செய்திருக்கிறார்கள்.

அட்டையில் பெரிதாக எழுதி முன்கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன். "பெனடிக்ட், ரைட் சொல்லாதே." கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்கத் தூசி. பிரஷ்ஷை ஓட்டு என்றாலும் குரல் திரையைத் தொடச் சொல்கிறது. அவன் ஒரு நிழல் மாதிரி தெரிகிறான், நான் அவனுக்கு அதுகூடத் தெரியமாட்டேன். வலது கை தானாகத் தண்டின் பக்கம் போனது. பிரஷ் லீவருக்காக. அங்கே துளைதான் இருக்கிறது.

"பழையகாயல் எறங்கு. பழையகாயல். சீக்கிரம் எறங்குங்கக்கா, பைய எடுத்துக்கிடுங்க."

இருமினான். இந்த முறை இருமல் காப்பாற்றியது.

இரண்டாம் நாள், 16:12

தலைக்கவசம் மாட்டிவிட்டேன். காற்றுக் குடுவை மடியில். குறடு கேபிளில்.

கதவு திறந்திருந்தால் இந்த வண்டி நகராது, திரையைத் தொடச் சொல்லும். அது நேற்றைய விதி. இன்றைய விதி என்னவென்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. மண் இன்னும் முழுசாகப் போகவில்லை, கதவு ஒரு சாண் திறக்கலாம், திறக்காமலும் போகலாம். உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். போகட்டும்.

இந்த அட்டை கிடைத்தால் அந்தக் கம்பெனியின் வாசலில் ஒட்டுங்கள். தமிழிலேயே ஒட்டுங்கள். தமிழ் தெரியும் என்றுதானே சொன்னார்கள்.

"முக்காணி. முக்காணி எறங்கு. எல்லாரும் எறங்கியாச்சா."

இவ்வளவு தெளிவாக அவன் பேசி நேரமாகிறது. மூச்சை இழுக்கிறான். இழுக்கிறேன் கேபி

நண்டு-4, தானியங்கிப் பதிவு

16:13. கதவு திறந்திருக்கிறது. வண்டிக்குள் காற்றழுத்தம் இல்லை.

16:13. குரல் கட்டளை: "போலாம், ரைட்." ஏற்கப்பட்டது.

16:13. கதவு திறந்திருக்கிறது. புறப்பட வேண்டுமா? உறுதிப்படுத்தத் திரையைத் தொடவும்.

16:14. பதில் இல்லை.

16:20. பதில் இல்லை.

16:41. பதில் இல்லை.

17:02. இருக்கை 2, கருவிப் பராமரிப்பு: ஆள் அமர்ந்திருக்கிறார். பெல்ட் போடப்படவில்லை. தயவுசெய்து பெல்ட்டைப் போடவும்.

17:03. இருக்கை 1, ஓட்டுநர்: குரல் கட்டளை புரியவில்லை. கண்ணியமான சொற்களைப் பயன்படுத்தவும்.